சமன்செய்யப்பட்ட வேதிச்சமன்பாடும் வேதிவினைக்கூறு விகிதக் கணக்குகளும்

ஒரு வேதிவினையில் எவ்வளவு வினைபடு பொருள் செலவாகும், எவ்வளவு வினைவிளை பொருள் கிடைக்கும் என்பதைக் கணக்கிடும் வேதியியல் பிரிவு வேதிவினைக்கூறு விகிதவியல் எனப்படும். ஆங்கில வழியில் பயில்வோர் இதனை ஸ்டாய்கியோமெட்ரி என்பர். இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் பீசமானம் என்ற சொல் வழங்குகிறது. தமிழ்நாட்டில் மோல், வினை என எழுதப்படுபவை இலங்கையில் மூல், தாக்கம் என எழுதப்படுகின்றன. சொற்கள் வேறானாலும் கணக்கிடும் முறை ஒன்றே.

மேல்நிலை வகுப்பு வேதியியலில் மாணவர்கள் அதிகம் தடுமாறும் பகுதிகளுள் இதுவும் ஒன்று. ஆனால் இதற்குத் தேவைப்படும் கணிதம் பெருக்கல், வகுத்தல், விகிதம் ஆகிய மூன்று மட்டுமே. சமன்பாட்டில் உள்ள எண்கள் எதைக் குறிக்கின்றன என்பது தெளிவாகாததே தடுமாற்றத்திற்குக் காரணம். இக்கட்டுரை அதனை முதலில் விளக்கி, பின்னர் சுண்ணாம்புக் காளவாய், சமையல் எரிவாயு, அம்மோனியா உற்பத்தி, அமிலநீக்கி மாத்திரை ஆகியவற்றைக் கொண்டு கணக்கிடும் முறையைக் காட்டுகிறது.

இக்கட்டுரையின் சமன்பாடுகளில் குறியீடுகளுக்குப் பதிலாகப் பொருள்களின் பெயர்களே எழுதப்பட்டுள்ளன. ஒவ்வொரு பெயரும் அப்பொருளின் ஒரு மூலக்கூறை (அயனிச் சேர்மமாயின் ஒரு வாய்பாட்டு அலகை) குறிக்கும். கணக்குகளுக்குப் பயன்படுத்தப்பட்டுள்ள அணு நிறைகள்: ஹைட்ரஜன் 1, கார்பன் 12, நைட்ரஜன் 14, ஆக்சிஜன் 16, சோடியம் 23, கால்சியம் 40, இரும்பு 56.

## வரலாறு

பிரெஞ்சு வேதியியலாளர் அந்துவான் லவாய்சியே 1789-இல் வெளியிட்ட நூலில், வேதிவினையில் மொத்தப் பொருண்மை மாறுவதில்லை என்பதைத் தெளிவாக நிறுவினார். இதுவே பொருண்மை அழியா விதி. செருமானிய வேதியியலாளர் எரமியாசு பெஞ்சமின் ரிக்டர், ஓர் அமிலத்தை நடுநிலையாக்க எவ்வளவு காரம் தேவை என்பதை அளந்து ஆராய்ந்தார். 1792-இல் வெளிவரத் தொடங்கிய தம் நூலில் அவர் இத்துறைக்கு ஸ்டாய்கியோமெட்ரி எனப் பெயரிட்டார். தனிமம், அளவு என்னும் பொருள்தரும் இரு கிரேக்கச் சொற்களிலிருந்து இப்பெயர் பிறந்தது.

ஜான் டால்டனின் அணுக்கொள்கை 1808-இல் நூலாக வந்தது. வாயுக்கள் எளிய கனஅளவு விகிதங்களில் வினைபுரிகின்றன எனக் கே-லூசாக் அதே ஆண்டில் அறிவித்தார். ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம கனஅளவுள்ள வாயுக்களில் சம எண்ணிக்கையில் மூலக்கூறுகள் இருக்கும் என்ற கருதுகோளை அவகாட்ரோ 1811-இல் முன்வைத்தார். இன்றைய கணக்கீட்டு முறை இந்த அடித்தளத்தின்மீதே நிற்கிறது.

## சமன்பாடு ஏன் சமன்செய்யப்பட வேண்டும்?

வேதிவினையில் அணுக்கள் புதிதாகத் தோன்றுவதில்லை, மறைவதுமில்லை. அவை பிரிந்து வேறு வகையில் இணைகின்றன. எனவே அம்புக்குறியின் இடப்புறம் உள்ள ஒவ்வொரு தனிமத்தின் அணுக்களின் எண்ணிக்கையும் வலப்புறம் உள்ள எண்ணிக்கைக்குச் சமமாக இருக்க வேண்டும். இச்சமநிலையைக் கொண்டுவர ஒவ்வொரு பொருளின் முன்னும் எழுதப்படும் எண் குணகம் எனப்படும்.

வீட்டுச் சமையல் எரிவாயுவில் உள்ள பியூட்டேனை எடுத்துக்கொள்வோம். ஒரு பியூட்டேன் மூலக்கூறில் 4 கார்பன் அணுக்களும் 10 ஹைட்ரஜன் அணுக்களும் உள்ளன. அது எரியும்போது நிகழ்வது:

பியூட்டேன் + ஆக்சிஜன் → கார்பன் டைஆக்சைடு + நீர்

இது சமன்செய்யப்படாத சமன்பாடு. சமன்செய்யும் வரிசை பின்வருமாறு.

1. கார்பன்: இடப்புறம் 4, வலப்புறம் 1. எனவே கார்பன் டைஆக்சைடின் முன் 4 இடுக.
2. ஹைட்ரஜன்: இடப்புறம் 10, வலப்புறம் 2. எனவே நீரின் முன் 5 இடுக.
3. ஆக்சிஜன்: வலப்புறம் இப்போது 8 + 5 = 13 அணுக்கள். ஓர் ஆக்சிஜன் மூலக்கூறில் 2 அணுக்கள் உள்ளதால் இடப்புறம் 6½ மூலக்கூறுகள் தேவை.
4. அரை மூலக்கூறு என எழுதுவதைத் தவிர்க்க, எல்லாக் குணகங்களையும் 2-ஆல் பெருக்குக.

2 பியூட்டேன் + 13 ஆக்சிஜன் → 8 கார்பன் டைஆக்சைடு + 10 நீர்

| தனிமம் | இடப்புற அணுக்கள் | வலப்புற அணுக்கள் |
|---|---|---|
| கார்பன் | 2 × 4 = 8 | 8 × 1 = 8 |
| ஹைட்ரஜன் | 2 × 10 = 20 | 10 × 2 = 20 |
| ஆக்சிஜன் | 13 × 2 = 26 | 8 × 2 + 10 × 1 = 26 |

பல பொருள்களில் காணப்படும் தனிமத்தை (இங்கு ஆக்சிஜன்) கடைசியாகச் சமன்செய்வது வேலையை எளிதாக்கும். சமன்செய்யும்போது குணகத்தை மட்டுமே மாற்றலாம். வாய்பாட்டின் உள்ளே இருக்கும் கீழ்க்குறி எண்ணை மாற்றக்கூடாது. நீரின் வாய்பாட்டில் ஆக்சிஜனுக்கு 2 என்ற கீழ்க்குறியைச் சேர்த்தால் அது நீராக இராது, ஹைட்ரஜன் பெராக்சைடு என்ற வேறு பொருளாகிவிடும்.

## மோல் என்னும் பாலம்

குணகங்கள் மூலக்கூறுகளின் எண்ணிக்கையைக் கூறுகின்றன. ஆய்வகத் தராசு கிராமைக் காட்டுகிறது. இவ்விரண்டையும் இணைப்பது மோல்.

இரும்புக் கடையில் போல்ட்டும் நட்டும் எடைக்கு விற்கப்படுவதைக் காணலாம். ஒரு போல்ட்டுக்கு இரண்டு நட்டுகள் தேவை எனக் கொள்வோம். ஒரு போல்ட்டின் எடை 30 கிராம், ஒரு நட்டின் எடை 10 கிராம். 3 கிலோ போல்ட் வாங்கியவர் எத்தனை கிலோ நட்டு வாங்க வேண்டும்? ஒன்றுக்கு இரண்டு என்பதால் 6 கிலோ என்று கூறுவது தவறு. 3 கிலோவில் 100 போல்ட்டுகள் இருக்கும். அவற்றுக்கு 200 நட்டுகள் வேண்டும். 200 நட்டுகளின் எடை 2 கிலோ. எடையை எண்ணிக்கையாக்கி, எண்ணிக்கையில் விகிதத்தைப் பயன்படுத்தி, மீண்டும் எடைக்குத் திரும்பினால்தான் சரியான விடை கிடைக்கிறது. வேதிக் கணக்கிலும் இதே மூன்று செயல்கள்தாம் நடைபெறுகின்றன.

அணுக்களையும் மூலக்கூறுகளையும் நூறு, இருநூறு என எண்ண முடியாது. எனவே 6.02214076 × 10²³ துகள்கள் கொண்ட தொகுதி ஒரு மோல் என வரையறுக்கப்பட்டுள்ளது. இந்த எண் அவகாட்ரோ எண் எனப்படும். 2019 மே 20 முதல் பன்னாட்டு அலகு முறையில் இது மாறாத துல்லிய எண்ணாக நடைமுறைக்கு வந்தது. ஒரு பொருளின் மூலக்கூறு நிறையைக் கிராமில் எழுதினால் அதுவே அப்பொருளின் ஒரு மோலின் நிறை, அதாவது மோலார் நிறை. நீருக்கு இது 2 × 1 + 16 = 18 கிராம். பியூட்டேனுக்கு 4 × 12 + 10 × 1 = 58 கிராம்.

மோல்களின் எண்ணிக்கை = நிறை ÷ மோலார் நிறை

## கணக்கிடும் படிகள்

எவ்வகைக் கணக்காயினும் பின்வரும் நான்கு படிகள் பொருந்தும்.

1. சமன்செய்யப்பட்ட சமன்பாட்டை எழுதுக.
2. கொடுக்கப்பட்ட அளவை மோலாக மாற்றுக.
3. குணகங்களின் விகிதத்தைக் கொண்டு, கேட்கப்பட்ட பொருளின் மோல்களைக் காண்க. கேட்கப்பட்ட பொருளின் குணகம் மேலும், கொடுக்கப்பட்ட பொருளின் குணகம் கீழும் வரும்.
4. கிடைத்த மோலைக் கேட்கப்பட்ட அலகுக்கு (கிராம், லிட்டர் முதலியன) மாற்றுக.

இவற்றுள் இரண்டாம், நான்காம் படிகள் அலகு மாற்றங்கள் மட்டுமே. வேதியியல் நுழையும் இடம் மூன்றாம் படி. சமன்பாடு தவறாகச் சமன்செய்யப்பட்டிருந்தால் பிழை இங்கேதான் விடைக்குள் புகும்.

## எடுத்துக்காட்டு 1: சுண்ணாம்புக் காளவாய்

சுண்ணாம்புக்கல்லின் முதன்மைப் பொருள் கால்சியம் கார்பனேட். காளவாயில் அதனைச் சுட்டால் சுட்ட சுண்ணாம்பாகிய கால்சியம் ஆக்சைடும், கார்பன் டைஆக்சைடும் கிடைக்கின்றன.

கால்சியம் கார்பனேட் → கால்சியம் ஆக்சைடு + கார்பன் டைஆக்சைடு

எல்லாக் குணகங்களும் 1. மோலார் நிறைகள் முறையே 100, 56, 44 கிராம்.

கணக்கு: 90 விழுக்காடு தூய்மையுள்ள 250 கிலோ சுண்ணாம்புக்கல்லிலிருந்து எவ்வளவு சுட்ட சுண்ணாம்பு கிடைக்கும்?

தூய கால்சியம் கார்பனேட்டின் நிறை = 250 × 90/100 = 225 கிலோ = 2,25,000 கிராம்
மோல்கள் = 2,25,000 ÷ 100 = 2,250
கால்சியம் ஆக்சைடு = 2,250 மோல் × 56 = 1,26,000 கிராம் = 126 கிலோ
கார்பன் டைஆக்சைடு = 2,250 மோல் × 44 = 99,000 கிராம் = 99 கிலோ

சரிபார்த்தல்: 126 + 99 = 225 கிலோ. பொருண்மை அழியா விதி நிறைவேறுகிறது.

தூய்மை விழுக்காட்டை முதலிலேயே கணக்கில் கொள்ள வேண்டும். மாசுகள் இவ்வினையில் பங்கேற்பதில்லை. எஞ்சிய 25 கிலோ மாசும் காளவாயில் இருந்து வெளிவரும் சுண்ணாம்போடு கலந்தே இருக்கும்.

சுட்ட சுண்ணாம்பில் நீர் ஊற்றினால் நீற்றுச் சுண்ணாம்பு (கால்சியம் ஹைட்ராக்சைடு, மோலார் நிறை 74 கிராம்) உண்டாகிறது. இங்கும் விகிதம் 1 : 1 : 1. எனவே 126 கிலோ சுட்ட சுண்ணாம்புக்கு வேண்டிய நீர் 2,250 × 18 = 40.5 கிலோ. கிடைக்கும் நீற்றுச் சுண்ணாம்பு 166.5 கிலோ. நடைமுறையில் இதைவிட அதிக நீர் ஊற்றவேண்டியிருக்கும். வினையின்போது வெளிப்படும் வெப்பத்தால் நீரின் ஒரு பகுதி ஆவியாகிவிடுவதே காரணம்.

இந்தக் கணக்கு சிமெண்ட் உற்பத்திக்கும் பொருந்தும். சிமெண்ட் செய்யவும் சுண்ணாம்புக்கல் சுடப்படுகிறது. சூளைக்கு எந்த எரிபொருளைப் பயன்படுத்தினாலும், ஒவ்வொரு 100 கிலோ கால்சியம் கார்பனேட்டும் 44 கிலோ கார்பன் டைஆக்சைடைக் கல்லிலிருந்தே வெளியிடும். எரிபொருளை மாற்றுவதால் மட்டும் சிமெண்ட் தொழிலின் கார்பன் உமிழ்வை நீக்கமுடியாது என்பதற்கு இச்சமன்பாடே விளக்கம்.

## எடுத்துக்காட்டு 2: ஒரு சிலிண்டர் எரிவாயு

இந்திய வீடுகளுக்கு வழங்கப்படும் சிலிண்டரில் 14.2 கிலோ எரிவாயு உள்ளது. அது பியூட்டேனும் புரோப்பேனும் கலந்தது. கணக்கை எளிதாக்க முழுவதும் பியூட்டேன் எனக் கொள்வோம். அது முழுமையாக எரிந்தால் வெளிவரும் கார்பன் டைஆக்சைடு எவ்வளவு?

பியூட்டேன் மோல்கள் = 14,200 ÷ 58 = 244.8
கார்பன் டைஆக்சைடு மோல்கள் = 244.8 × 8/2 = 979.3
நிறை = 979.3 × 44 = ஏறத்தாழ 43,090 கிராம் = 43.1 கிலோ

இதே முறையில் தேவைப்படும் ஆக்சிஜன் 244.8 × 13/2 × 32, அதாவது ஏறத்தாழ 50.9 கிலோ. உண்டாகும் நீர் 244.8 × 10/2 × 18, அதாவது ஏறத்தாழ 22 கிலோ. இடப்புற மொத்தம் 14.2 + 50.9 = 65.1 கிலோ. வலப்புற மொத்தம் 43.1 + 22.0 = 65.1 கிலோ.

14.2 கிலோ வாயுவிலிருந்து 43 கிலோ கார்பன் டைஆக்சைடு எப்படி வரும் என்ற ஐயம் மாணவர்களுக்கு எழுவது இயல்பு. கூடுதல் நிறை காற்றிலிருந்து வந்த ஆக்சிஜனுடையது. சிலிண்டருக்குள் இருப்பது வினைபடு பொருள்களில் ஒன்று மட்டுமே என்பதைச் சமன்பாடு நினைவூட்டுகிறது.

## வினைக்கட்டுப்பாட்டுக் காரணி

இரண்டு வினைபடு பொருள்களின் அளவும் கொடுக்கப்பட்டிருந்தால், எது முதலில் தீரும் என்று பார்க்க வேண்டும். முதலில் தீர்ந்து வினையை நிறுத்தும் பொருள் வினைக்கட்டுப்பாட்டுக் காரணி எனப்படும். கிடைக்கும் விளைபொருளின் அளவு இதனைப் பொறுத்தே அமையும். மற்றப் பொருள் மிகுதியாக எஞ்சும்.

செருமனியில் ஃபிரிட்ஸ் ஹேபர் 1909-இல் செய்துகாட்டிய முறையைக் கொண்டு, ஓப்பாவ் என்னுமிடத்தில் 1913-இல் தொழிற்சாலை அளவில் அம்மோனியா உற்பத்தி தொடங்கியது. இன்றைய நைட்ரஜன் உரங்களுக்கு இம்முறையே அடிப்படை.

நைட்ரஜன் + 3 ஹைட்ரஜன் → 2 அம்மோனியா

கணக்கு: 56 கிலோ நைட்ரஜனும் 9 கிலோ ஹைட்ரஜனும் எடுக்கப்பட்டால், அதிக அளவாக எவ்வளவு அம்மோனியா கிடைக்கும்?

நைட்ரஜன் மோல்கள் = 56,000 ÷ 28 = 2,000
ஹைட்ரஜன் மோல்கள் = 9,000 ÷ 2 = 4,500

ஒவ்வொரு பொருளின் மோல்களையும் அதன் குணகத்தால் வகுக்க வேண்டும். நைட்ரஜனுக்கு 2,000 ÷ 1 = 2,000. ஹைட்ரஜனுக்கு 4,500 ÷ 3 = 1,500. சிறிய எண் ஹைட்ரஜனுடையது. எனவே ஹைட்ரஜனே வினைக்கட்டுப்பாட்டுக் காரணி. மோல் எண்ணிக்கையில் ஹைட்ரஜன் இருமடங்குக்கு மேல் இருந்தும் அதுவே முதலில் தீர்கிறது என்பதைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு நைட்ரஜன் மூலக்கூறுக்கும் மூன்று ஹைட்ரஜன் மூலக்கூறுகள் தேவைப்படுவதே காரணம்.

| | நைட்ரஜன் | ஹைட்ரஜன் | அம்மோனியா |
|---|---|---|---|
| தொடக்கம் (மோல்) | 2,000 | 4,500 | 0 |
| மாற்றம் (மோல்) | −1,500 | −4,500 | +3,000 |
| முடிவு (மோல்) | 500 | 0 | 3,000 |
| முடிவு (கிலோ) | 14 | 0 | 51 |

தொடக்க நிறை 56 + 9 = 65 கிலோ. முடிவு நிறை 14 + 51 = 65 கிலோ.

### விளைச்சல் விழுக்காடு

மேலே கிடைத்த 51 கிலோ என்பது கொள்கையளவு விளைச்சல். நடைமுறையில் இதைவிடக் குறைவாகவே கிடைக்கும். வினை முழுமை அடையாமை, பக்க வினைகள், பிரித்தெடுக்கும்போது ஏற்படும் இழப்பு ஆகியவை காரணங்கள்.

விளைச்சல் விழுக்காடு = (உண்மையில் கிடைத்த நிறை ÷ கொள்கையளவு நிறை) × 100

45.9 கிலோ அம்மோனியா கிடைத்திருந்தால் விளைச்சல் 45.9 ÷ 51 × 100 = 90 விழுக்காடு. அம்மோனியா உருவாவது மீள்வினை என்பதால், வாயுக்கலவை ஒருமுறை வினையூக்கியைக் கடக்கும்போது அதன் சிறு பகுதியே அம்மோனியாவாக மாறுகிறது. வினைபுரியாத வாயுக்கள் மீண்டும் மீண்டும் உள்ளே செலுத்தப்படுகின்றன. விடை 100 விழுக்காட்டைத் தாண்டினால் கணக்கில் பிழை உள்ளது, அல்லது கிடைத்த பொருளில் ஈரமோ மாசோ கலந்துள்ளது.

## வாயுக்களின் கனஅளவு

0° செல்சியசு வெப்பநிலையிலும் 1 வளிமண்டல அழுத்தத்திலும் ஒரு மோல் வாயுவின் கனஅளவு ஏறத்தாழ 22.4 லிட்டர். தூய மற்றும் பயன்பாட்டு வேதியியலுக்கான பன்னாட்டு ஒன்றியம் 1982 முதல் திட்ட அழுத்தத்தை 1 பார் எனக் கொள்வதால், அந்நிலையில் இக்கனஅளவு 22.7 லிட்டர் ஆகும். இரு மதிப்புகளும் பாடநூல்களில் காணப்படுகின்றன. வினாவில் எந்த அழுத்தம் கொடுக்கப்பட்டுள்ளது என்று பார்த்தே பயன்படுத்த வேண்டும். வெப்பமான அறையில் (30° செல்சியசு, 1 வளிமண்டல அழுத்தம்) ஒரு மோல் வாயு ஏறத்தாழ 25 லிட்டர் இடத்தை அடைக்கும்.

ஒரே வெப்பநிலை, அழுத்தத்தில் உள்ள வாயுக்களுக்குக் குணக விகிதமே கனஅளவு விகிதமும் ஆகும். ஒரு லிட்டர் பியூட்டேன் எரிய 6.5 லிட்டர் ஆக்சிஜன் வேண்டும். காற்றில் ஆக்சிஜன் ஏறத்தாழ 21 விழுக்காடு என்பதால் வேண்டிய காற்று 6.5 ÷ 0.21, அதாவது ஏறத்தாழ 31 லிட்டர்.

### காற்று போதாதபோது: குளியலறையில் ஒரு கணக்கு

எரிதலில் காற்றே வினைக்கட்டுப்பாட்டுக் காரணியாகிவிட்டால் வேறு வினை நிகழ்கிறது.

2 பியூட்டேன் + 9 ஆக்சிஜன் → 8 கார்பன் மோனாக்சைடு + 10 நீர்

முழு எரிதலுக்கு 13 மூலக்கூறு ஆக்சிஜன் தேவை. இங்கு 9 மட்டுமே செலவாகிறது. அக்குறைவு நச்சு வாயுவாகிய கார்பன் மோனாக்சைடாக வெளிப்படுகிறது. அதற்கு நிறமோ மணமோ இல்லை. குருதியில் உள்ள ஹீமோகுளோபினுடன் அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான வலிமையுடன் பிணைகிறது.

2 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் உயரம் உள்ள குளியலறையில், புகைபோக்கி இல்லாத எரிவாயு வெந்நீர்க் கருவி (கேஸ் கீசர்) பொருத்தப்பட்டுள்ளது எனக் கொள்வோம். கதவும் சன்னலும் மூடப்பட்டுள்ளன.

அறையின் கனஅளவு = 2 × 1.5 × 2.4 = 7.2 கன மீட்டர் = 7,200 லிட்டர்
அதிலுள்ள ஆக்சிஜன் = 7,200 × 0.21 = 1,512 லிட்டர்

2 மோல் (116 கிராம்) பியூட்டேன் எரிய 13 மோல் ஆக்சிஜன், அதாவது 13 × 25 = 325 லிட்டர் செலவாகும். இது அறையில் இருந்த ஆக்சிஜனில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். 10 கிலோவாட் அளவில் வாயுவை எரிக்கும் கருவி 116 கிராம் பியூட்டேனை ஏறத்தாழ 9 நிமிடங்களில் எரித்துவிடும். ஒருவர் குளிக்கும் நேரத்துக்குள் இது நடந்து முடிகிறது.

ஆக்சிஜன் குறையக் குறைய எரிதல் முழுமை இழக்கும். எரிந்த கார்பனில் 100-இல் 1 பங்கு மட்டும் கார்பன் மோனாக்சைடாக மாறி, அது முழுவதும் அறையிலேயே தங்கியதாகக் கொள்வோம்.

2 மோல் பியூட்டேனில் உள்ள கார்பன் = 8 மோல்
கார்பன் மோனாக்சைடு = 8 × 1/100 = 0.08 மோல்
நிறை = 0.08 × 28 = 2.24 கிராம் = 2,240 மில்லிகிராம்
ஒரு கன மீட்டரில் = 2,240 ÷ 7.2 = ஏறத்தாழ 311 மில்லிகிராம்

உலக சுகாதார நிறுவனம் உள்ளறைக் காற்றுக்கு வகுத்துள்ள வழிகாட்டு அளவு, 15 நிமிடங்களுக்கு ஒரு கன மீட்டரில் 100 மில்லிகிராம். நூற்றில் ஒரு பங்கு முழுமையற்ற எரிதலே அந்த அளவை மும்மடங்காகத் தாண்டச் செய்கிறது. தலைவலியும் மயக்கமும் ஏற்பட்டவர் தாமாக எழுந்து கதவைத் திறக்க முடியாமல் போவதால் இது உயிரிழப்பில் முடியக்கூடும். எரிவாயு வெந்நீர்க் கருவியைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமுள்ள இடத்தில் பொருத்தி, நீரை மட்டும் குழாய் வழியே உள்ளே கொண்டுவர வேண்டும் என்பதற்கான காரணம் இதுதான். அடுப்புச் சுடர் நீலமாக இன்றி மஞ்சளாக எரிந்தால், காற்று போதவில்லை என்பதற்கு அது ஓர் அடையாளம்.

## கரைசல்களில் கணக்கிடுதல்

கரைசல்களுக்கு மோலாரிட்டி பயன்படுகிறது. ஒரு லிட்டர் கரைசலில் உள்ள கரைபொருளின் மோல்களே மோலாரிட்டி. எனவே மோல்கள் = மோலாரிட்டி × லிட்டரில் கனஅளவு. மற்றப் படிகளில் மாற்றமில்லை.

கணக்கு: 500 மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் உள்ள ஓர் அமிலநீக்கி மாத்திரை, 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் எவ்வளவு கனஅளவை நடுநிலையாக்கும்?

கால்சியம் கார்பனேட் + 2 ஹைட்ரோகுளோரிக் அமிலம் → கால்சியம் குளோரைடு + நீர் + கார்பன் டைஆக்சைடு

கால்சியம் கார்பனேட் = 0.5 ÷ 100 = 0.005 மோல்
அமிலம் = 0.005 × 2/1 = 0.01 மோல்
கனஅளவு = 0.01 ÷ 0.1 = 0.1 லிட்டர் = 100 மில்லிலிட்டர்

குணகம் 2-ஐ மறந்தவருக்கு 50 மில்லிலிட்டர் என்ற பாதி விடையே கிடைக்கும். மாத்திரை உண்டபின் ஏப்பம் வருவதற்குச் சமன்பாட்டின் வலப்புறக் கடைசியில் உள்ள கார்பன் டைஆக்சைடு காரணமாகும்.

## பொதுவாக நேரும் பிழைகள்

* குணக விகிதத்தைக் கிராமுக்குப் பயன்படுத்துதல். 2 ஹைட்ரஜன் + ஆக்சிஜன் → 2 நீர் என்ற வினையில் மோல் விகிதம் 2 : 1. நிறை விகிதமோ 4 : 32, அதாவது 1 : 8.
* குணகத்தை இருமுறை கணக்கிடுதல். நீரின் மோலார் நிறை எப்போதும் 18. சமன்பாட்டில் 2 நீர் என இருப்பதால் 36 எனக் கொண்டு, மோல் விகிதத்திலும் மீண்டும் 2-ஐப் பயன்படுத்தினால் விடை இருமடங்காகும்.
* நீர்மத்துக்கு 22.4 லிட்டரைப் பயன்படுத்துதல். அம்மதிப்பு வாயுக்களுக்கு மட்டுமே உரியது. ஒரு மோல் நீர் நீர்ம நிலையில் ஏறத்தாழ 18 மில்லிலிட்டர்தான்.
* குறைந்த நிறையுள்ளதே முதலில் தீரும் எனக் கருதுதல். மோலாக்கி, குணகத்தால் வகுத்த பின்னரே வினைக்கட்டுப்பாட்டுக் காரணியை முடிவு செய்யவேண்டும்.
* இடையிலேயே தோராயமாக்குதல். இடைப்பட்ட விடைகளில் கூடுதல் இலக்கங்களை வைத்துக்கொண்டு, இறுதியில் மட்டும் தோராயமாக்குக.

## பயிற்சிக் கணக்குகள்

1. ஊது உலையில் நிகழும் வினை: இரும்பு(3) ஆக்சைடு + 3 கார்பன் மோனாக்சைடு → 2 இரும்பு + 3 கார்பன் டைஆக்சைடு. இரும்பு(3) ஆக்சைடின் மோலார் நிறை 160 கிராம். 320 கிலோ இரும்பு(3) ஆக்சைடிலிருந்து கிடைக்கும் இரும்பு எவ்வளவு?
2. சமையல் சோடா (சோடியம் பைகார்பனேட், மோலார் நிறை 84 கிராம்) சூடாகும்போது: 2 சோடியம் பைகார்பனேட் → சோடியம் கார்பனேட் + நீர் + கார்பன் டைஆக்சைடு. 8.4 கிராம் சமையல் சோடா தரும் கார்பன் டைஆக்சைடின் நிறை என்ன? 0° செல்சியசு, 1 வளிமண்டல அழுத்தத்தில் அதன் கனஅளவு என்ன?
3. 10 கிராம் ஹைட்ரஜனும் 64 கிராம் ஆக்சிஜனும் வினைபுரிந்து நீரைத் தருகின்றன. உண்டாகும் நீர் எவ்வளவு? எஞ்சுவது எது, எவ்வளவு?

### விடைகள்

1. 2,000 மோல் ஆக்சைடு 4,000 மோல் இரும்பைத் தரும். நிறை 4,000 × 56 = 224 கிலோ.
2. 0.1 மோல் சமையல் சோடா 0.05 மோல் கார்பன் டைஆக்சைடைத் தரும். நிறை 2.2 கிராம், கனஅளவு 0.05 × 22.4 = 1.12 லிட்டர்.
3. ஹைட்ரஜன் 5 மோல், ஆக்சிஜன் 2 மோல். குணகத்தால் வகுத்தால் முறையே 2.5, 2. எனவே ஆக்சிஜன் முதலில் தீரும். நீர் 4 மோல், அதாவது 72 கிராம். ஹைட்ரஜன் 1 மோல், அதாவது 2 கிராம் எஞ்சும். தொடக்கத்தில் 74 கிராம், முடிவிலும் 74 கிராம்.

ஒவ்வொரு கணக்கின் முடிவிலும் இருபுற நிறைகளையும் கூட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம். கூட்டுத்தொகை பொருந்தவில்லையெனில், முதலில் சமன்பாட்டின் குணகங்களையும், அடுத்து மோலார் நிறைகளையும் சரிபார்க்க வேண்டும்.